பிளாக் தானாக வெடிக்கவில்லை

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். தண்ணீர் வாய்க்காலில் வந்து சேர்ந்ததும் டெல்டாவில் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் இரவு பகலாகச் சேற்றில் கிடக்கும். ஆண்டெல்லாம் தாக்குப்பிடித்த பழைய வண்டிகள் எஞ்சின் பிளாக் விரிசல் விட்டுப் பட்டறைக்கு வருவதும் அந்த நாட்களில்தான். "டிரைவர் கவனிக்கலை", "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்", "நேரம் சரியில்லை" என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி ஆறுதல் அடைகிறோம். வண்டியின் சொந்தக்காரர்கள், வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள் என நாம் எல்லோரும் சேர்ந்துதான் அந்த பிளாக்கை அந்த நிலைக்குக் கொண்டுபோனோம். இதை நமக்குள் ஒளிக்காமல் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதல் பிழை நாம் ஊற்றிய தண்ணீர். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் போர் தண்ணீரையோ வாய்க்கால் தண்ணீரையோ ஊற்றினோம். கடலோரத்தில் உப்பு ஏறிய நிலத்தடி நீரையும் விடவில்லை. வெந்நீர் போடும் பானையின் உட்புறம் வெள்ளையாகப் படிவதைப் போல, அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பு எஞ்சினுக்குள்ளும் படிகிறது. இரும்பு கடத்தும் வெப்பத்தில் ஒரு சிறு பங்கைத்தான் அந்தப் படிவு கடத்தும். வெளியில் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தாலும் சிலிண்டரைச் சுற்றிய சுவர் வெந்துகொண்டே இருக்கும். உப்போ இரும்பை அரித்து, சுவரை மெலிய வைக்கும்.

கூலன்ட் ஊற்றச் சொன்னால், "அது பனி பெய்யும் ஊருக்கு, நமக்கு எதற்கு?" என்று கேட்டோம். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருமன் கூடும், குளிர் நாடுகளில் அதனால் பிளாக் வெடிக்கும், அதைத் தடுக்கக் கூலன்ட் உதவும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதன் வேலை அதோடு முடிவதில்லை. துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து அதில் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையையும் அது உயர்த்துகிறது. சித்திரை வெயிலில் ரொட்டவேட்டர் ஓட்டுகிற நமக்கு இந்த இரண்டும் மிகவும் தேவை. பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த நீர் என்ற எளிய கணக்கைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அடுத்தது தெர்மோஸ்டாட். வண்டி சூடானால் அதைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளில் பழகிப்போன வைத்தியம். சூட்டுக்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரா, தொய்ந்த ஃபேன் பெல்ட்டா, தேய்ந்த வாட்டர் பம்பா என்று பார்க்க நேரம் ஒதுக்கவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வேலைச்சூடு பிடிக்கத் தாமதமாகும். டீசல் வீணாகும், லைனர் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்குவழியில் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலையே சூட்டைக் கூட்டும்.

ரேடியேட்டர் கண்களில் வைக்கோல் துரும்பும் சேறும் அடைத்திருந்ததைப் பார்த்தோம், தட்டிவிடவில்லை. டெம்பரேச்சர் மீட்டரின் முள் அசையாமல் நின்று பல காலம் ஆகியும் மாற்றவில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்தபோது துணியைச் சுற்றி அடைத்தோம். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கினால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னச் செலவுகள். அவற்றைச் சேர்த்துத்தான் பிளாக்கின் விலையாகக் கொடுத்தோம்.

கடைசி அடியும் நம் கையால்தான் விழுந்தது. கொதித்து ஆவி பறக்கும் எஞ்சினில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றப்படுகிறது. வார்ப்பிரும்பு பாரத்தைத் தாங்கும், திடீர் மாற்றத்தைத் தாங்காது. ஒரு பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்க, மறுபக்கம் சூட்டில் விரிந்தே நிற்க, நடுவில் விரிசல் ஓடுகிறது. ஊற்றியவர் டிரைவர் என்பதால் பழி அவர்மேல் போனது. கூலியில் பிடித்தவர்களும் நம்மில் உண்டு. எஞ்சினை நிறுத்தி ஆறவிட நாம் அவருக்கு அவகாசம் கொடுத்தோமா? "மணிக்கணக்கு வாடகை, இன்னும் நாலு வயல் பாக்கி" என்று வரப்பில் நின்று விரட்டியது யார்? வண்டி சூடாகிறது என்று அவர் முன்பே சொன்னபோது, "இந்த நடை முடியட்டும்" என்றது யார்?

விரிசல் விட்ட பிறகும் நாம் திருந்தவில்லை. ஆயில் பால் நிறத்தில் மாறினாலே "பிளாக் போச்சு" என்று தீர்ப்பு எழுதினோம். ஹெட் கேஸ்கெட் போனாலும், லைனரின் ரப்பர் வளையம் கசிந்தாலும் ஆயில் அப்படித்தான் ஆகும். பிளாக்கின் தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் கசிவு இருக்கும் இடம் தெரிந்துவிடும். அந்தச் சோதனையைக் கேட்டு வாங்கியவர்கள் நம்மில் மிகக் குறைவு.

வெளிப்புற நீர்ச்சுவரில் விரிசல் என்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம். நாமோ சாதாரண ராடில் ஒரே இழுப்பாக வெல்டிங் வைக்கச் சொன்னோம். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி இருக்கிறது. அப்படி வெல்டிங் வைத்தால் ஓரம் கண்ணாடிபோல் இறுகி, பக்கத்திலேயே புது விரிசல் விடும். விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு அது மேலே ஓடாமல் நிறுத்த வேண்டும். பிறகு நிக்கல் ராடில் ஓர் அங்குலம் வைத்து, சுத்தியால் மெல்லத் தட்டி, ஆறவிட்டு அடுத்த அங்குலம் வைக்க வேண்டும். சூடே காட்டாமல், திருகாணிகளை ஒன்றோடொன்று ஒட்டி இறக்கித் தைக்கும் முறையும் இருக்கிறது. இதற்குப் பொறுமையும் கூலியும் ஆகும். பொறுமையாக வேலை செய்கிற கைக்காரரிடம் போய், "மதியத்துக்குள் முடிச்சுக் கொடு" என்று நின்றோம்.

சிலிண்டர் சுவரிலோ, கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் பக்கமோ விரிசல் இருந்தால் பிளாக்கை மாற்றுவதுதான் நேர்மையான வழி. நம்மூரில் நிறைய ஓடும் மாஸி ஃபெர்குசன் 1035 போன்ற வண்டிகளுக்குப் பழைய பிளாக் தேடினால் கிடைக்கும். எஞ்சின் நம்பர் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாங்கும்போது அதன் காகிதங்களைப் பார்க்க வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தையும் திருத்த வேண்டும். இதையும் பலர் செய்யாமல் விட்டு, பின்னால் வண்டியை விற்கும்போது மாட்டிக்கொண்டார்கள்.

ஏர் மாடு வைத்திருந்த வீடுகளில் உழுது வந்த மாட்டை உடனே தண்ணீரில் விடமாட்டார்கள். களைப்பு ஆறவிட்டுத்தான் தண்ணீர் காட்டுவார்கள். அந்த அறிவு நம்மிடம் இருந்தது. டிராக்டர் வந்ததும் அதைத் தொழுவத்தோடு விட்டுவிட்டோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து மாலை போடுகிறோம். மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரின் நிறத்தை அன்றைக்காவது பார்த்தோமா?

அடுத்த உழவுக்கு வண்டியை இறக்கும் முன் பழைய தண்ணீரை வடித்துவிடுங்கள். ரேடியேட்டரைக் கழுவிக் கூலன்ட் ஊற்றுங்கள். பெல்ட்டையும் மூடியையும் மீட்டரையும் சரிசெய்யுங்கள். தெர்மோஸ்டாட்டை அதன் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். வண்டி சூடானால், யாரையும் கேட்காமல் வயலின் நடுவிலேயே நிறுத்தும் உரிமையை டிரைவருக்குக் கொடுங்கள். வாடகைக்குக் கூப்பிட்டவர்களும் அந்த அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதுவரை டிரைவர்கள் தலையில் கட்டிய பழி நம்முடையது. கூலியில் பிடித்த பணம் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பதிலிருந்து தொடங்குவோம்.