"மறக்காதே" என்பது டிசைன் ஆகாது

சிஸ்டம் ஒன்று படுத்துவிட்டால், மறுநாள் மீட்டிங்கில் முதலில் வரும் கேள்வி, "யார் அதைச் செய்ய மறந்தது?" என்பதுதான். துபாயோ தோஹாவோ, எந்த ஆபீசிலும் இதே கதைதான். என்னைக் கேட்டால் அது தப்பான கேள்வி. "ஒருத்தர் மறந்தால் உடைந்துபோகிற மாதிரி இதை ஏன் கட்டினோம்?" என்றுதான் கேட்கவேண்டும். இதற்கு நான் கூப்பிடும் சாட்சி லினக்ஸ் கெர்னல். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற தம்பி தங்கைகளே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு பேஜ் டேபிள் உண்டு. ப்ரோக்ராம் கேட்கும் முகவரி உண்மையான ரேமில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் அது. பட்டியலில் ஒரு பாதி அந்த ப்ராசஸுக்குச் சொந்தம், மறுபாதி கெர்னலுக்கு. கெர்னல் ஒன்றுதான் என்பதால், அந்த மறுபாதி எல்லா ப்ராசஸிலும் ஒரே மாதிரி இருந்தாகவேண்டும்.

பட்டியல் பல அடுக்காக இருக்கும். 64-பிட் எக்ஸ்86-ல், நான்கு அடுக்கு முறையில், உச்சி அடுக்கில் 512 வரிகள். ஒவ்வொரு வரியும் 512 ஜிபி முகவரிப் பரப்பைக் காட்டும். கெர்னல் பாதியின் கீழ் அடுக்குகள் எல்லோருக்கும் பொது. அங்கே ஒரு வரி சேர்ந்தால் எல்லா ப்ராசஸுக்கும் அது கிடைத்துவிடும். உச்சி அடுக்கு மட்டும் ஆளுக்கொரு காப்பி. அதில் புது வரி சேர்ந்தால் ஒவ்வொரு காப்பியிலும் எழுதவேண்டும். தலைவலி முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான்.

வளைகுடாவில் வளர்ந்த நமக்கு இந்தத் தலைவலி புதிதில்லை. எமிரேட்ஸ் ஐடியைப் புதுப்பித்தாகிவிட்டது. பாங்கில், போன் கம்பெனியில் இருப்பதோ பழைய காப்பி. கார்டு வேலை செய்யாமல் போகும் அன்றைக்குத்தான் "பாங்குக்குக் கொடுக்கலையே" என்று ஞாபகம் வரும்.

லினக்ஸும் பல வருடம் அப்படித்தான் ஓடியது. வி-மாலக் என்ற கெர்னல் மெமரிப் பகுதியில் புது வரி வந்தால், மூலப் பட்டியலில் மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடும். வேறொரு ப்ராசஸ் அந்த இடத்தைத் தொடும்போது பேஜ் ஃபால்ட் வரும்; அப்போது மூலத்தைப் பார்த்து வரியைக் காப்பி செய்துகொள்ளும். வேலையைத் தள்ளிப்போடுவது எப்போதும் தப்பில்லை. ஃபோர்க் செய்யும்போது மெமரியை உடனே காப்பி செய்யாமல், யாராவது எழுத வரும்வரை காத்திருப்பதும் இதே யோசனைதான். அருமையாக வேலை செய்கிறது.

ஆனால் ஃபால்ட் வரவே கூடாத இடங்கள் உண்டு. 2016-ல் கெர்னல் ஸ்டாக்கையே வி-மாலக் பகுதியில் வைக்கும் வசதி வந்தது. ஃபால்ட்டைக் கையாள ஸ்டாக் வேண்டும். அந்த ஸ்டாக்குக்கே பட்டியலில் வரி இல்லை என்றால்? சூப்பர்மார்க்கெட்டில் கார்டு நின்றால் சமாளித்துவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி கவுண்டரில் நின்றால்? அதனால் கோடில் அங்கங்கே "இங்கே மறக்காமல் சிங்க் செய்" என்று ஒட்டுப்போட வேண்டியிருந்தது.

2020-ல் யோர்க் ரோடெல் இதை மாற்றினார். பட்டியலின் எந்த அடுக்கு மாறியது என்று கெர்னலே கவனித்து, தேவைப்பட்டால் உடனே சிங்க் செய்யும். 64-பிட் எக்ஸ்86-ல் இன்னும் எளிய வழி: வி-மாலக்குக்கான உச்சி வரிகளை பூட் ஆகும்போதே நிரப்பிவிடுவது. அந்தப் பகுதி 32 டிபி. அதற்கு 64 வரிகள், 64 பேஜ்கள், மொத்தம் 256 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோ அளவு! அந்த இடத்தில் பின்னால் சிங்க் செய்யும் வேலையே கிடையாது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 2025-ல் இதே நோய் கெர்னலின் வேறு பகுதியில் தலைகாட்டியது. மிகப் பெரிய மெமரி உள்ள மெஷின்கள் சில சமயம் பூட் ஆகாமல் விழுந்தன. புது வரி மூலத்தில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸின் காப்பியில் இல்லை. சிங்க் நடப்பதற்கு முன்பே கோடு அந்த முகவரியைத் தொட்டுவிட்டது. கம்பைலர் எச்சரிக்காது. உங்கள் லேப்டாப்பில் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஹாரி யூ கொண்டுவந்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. கெர்னலுக்கான உச்சி வரியை எழுதும் ஃபங்க்‌ஷனே, தேவையான இடத்தில் சிங்க்கையும் சேர்த்துச் செய்துவிடும். இனி அதைக் கூப்பிடுபவர் எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம்.

"கவனமாக இருந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். கெர்னல் எழுதுபவர்களைவிடக் கவனமானவர்களை எங்கே தேடுவது? ஒவ்வொரு பேட்ச்சையும் பல பேர் படித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அவர்களுக்கே தப்பியது என்றால், நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒரு ஜூனியரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

நம் வீடுகளையும் பாருங்கள். அப்பாவின் விசா மாறினால் அதைச் சார்ந்த அத்தனை பேருடைய விசாவும் மாறவேண்டும். எல்லோருடைய எக்ஸ்பயரி தேதியும் யாரோ ஒருவரின் தலைக்குள், பெரும்பாலும் அம்மாவின் தலைக்குள். ஒரு தேதி தவறினால் அபராதம், கூடவே திட்டு. 2022-ல் அமீரகம் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தி, எமிரேட்ஸ் ஐடியையே அதற்கு ஆதாரமாக்கியது. பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அந்த நிம்மதி புரியும். யாரும் கூடுதல் கவனசாலி ஆகவில்லை. ஒரு காப்பி குறைந்தது, அவ்வளவுதான்.

நாளைக்கு நீங்கள் எழுதும் கோடில், "இதைக் கூப்பிட்ட பிறகு மறக்காமல் அதையும் கூப்பிடவும்" என்று கமென்ட் போடக் கை போகும். அங்கே நில்லுங்கள். இரண்டையும் ஒரே ஃபங்க்‌ஷனுக்குள் போடமுடியுமா? காப்பியே இல்லாமல் செய்யமுடியுமா? முன்கூட்டியே நிரப்பிவிட்டால் என்ன செலவு? இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்த பிறகு அந்த கமென்ட்டை எழுதலாம். பெரும்பாலும் எழுதவேண்டி வராது.