நடுநிலை என்னும் போர்வை

படையெடுப்புக்கு ஆளான நாட்டுக்கு அயலார் படைக்கலம் வழங்கினால் போர் நீளும். இருவருக்கும் கொடாதிருப்பதே அறம் என்பார் உளர். அருள் கனிந்தது போல் ஒலிக்கும் இவ்வுரையை நாம் மறுக்கிறோம்.

1935இல் இத்தாலி அபிசீனியாவின்மீது பாய்வதற்குச் சில திங்கள் முன்பே, இரு நாடுகளுக்கும் ஆயுத ஏற்றுமதியைப் பிரிட்டன் நிறுத்தியது. இத்தாலிக்குச் சொந்த ஆயுதச்சாலைகள் இருந்தன, அபிசீனியாவுக்கோ இல்லை. போர் மூண்டபின் தடை நீங்கியும் பயனென்ன? வானிலிருந்து நச்சுவாயு பொழிந்தது. 1936 மே திங்களில் அடிஸ் அபாபா வீழ்ந்தது. அந்த நடுநிலை யாருக்குத் துணைபோயிற்று?

நாமும் அத்துயரை அறியாதவரல்லோம். 1962இல் சீனப்படை எல்லை கடந்தபோது, நாடெங்கும் தாய்மார் தம் நகைகளைப் பாதுகாப்பு நிதிக்கு ஈந்தனர். அணிசேராமையை உலகுக்கு ஓதிய நேருவே அமெரிக்காவிடமும் பிரிட்டனிடமும் படையுதவி வேண்டினார், பெற்றார். உதவியோர் தந்நலம் மறந்தாரல்லர்; காஷ்மீர் குறித்துப் பாகிஸ்தானுடன் பேசுமாறு நம்மை நெருக்கினர். அதற்காக நாம் உதவி கேட்டது பிழையாகிவிடுமோ?

உக்ரைன் 1994இல் புடாபெஸ்டில் பெற்ற உறுதிமொழியை நம்பித் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களைக் கைவிட்டது. அதன் எல்லைகளை மதிப்பதாக ஒப்பமிட்ட நாடுகளுள் ருஷ்யாவும் ஒன்று. அந்த ருஷ்யாவே 2022 பிப்ரவரி 24இல் முழுப் படையெடுப்பை நிகழ்த்தியது. வாக்கை நம்பி ஆயுதம் துறந்தவனை வெறுங்கையோடு நில் என்பது அமைதி உபதேசமன்று, அடிமைச் சாசனம்.

கொடுப்பவர் நோக்கத்தை ஐயுறலாம்; ஐயுறவும் வேண்டும். வீட்டைக் காக்கப் போராடுபவன் கேட்கும் உரிமையை ஐயுறுதல் தகாது. நமக்கு 1962இல் அறமாயிருந்தது பிறர்க்கும் அறமே.