கோசுப் பாத்தியும் கலையே

கலைக்கு உயர்ந்த பொருள் வேண்டும் என்பர் சிலர். மன்னரும் போர்க்களமும் இருக்க, முட்டைக்கோசுப் பாத்திக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று கேட்பர்.

பாரிஸ் நகரிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. 1874-இல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் தங்கள் முதற் கண்காட்சியை நடத்தினர். அவர்களைப் பெரிதும் பாராட்டி எழுதிய காஸ்தாஞாரி என்ற விமரிசகர்கூட, கமீய் பிசாரோ காய்கறித் தோட்டங்களையே நாடுகிறாரே என்று குறைபட்டுக் கொண்டார்.

பிசாரோ மாறினாரா? இல்லை. 1877-இல், பாரிசை அடுத்த பொந்துவாஸ் என்னும் ஊரில், காய்கறித் தோட்டம் ஒன்றைப் பூத்த மரங்களோடு தீட்டினார். நண்பர் செசானும் அதே ஆண்டில் அதே தோட்டத்தை வரைந்தார். பிசாரோவின் அந்தப் படம் இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தை அணி செய்கிறது.

விஞ்ஞான மாணவனாகிய எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு நிறம் தன் அருகிலுள்ள நிறத்தால் வேறாகத் தோன்றும் என்று ஷெவ்ரேல் என்ற இரசாயன அறிஞர் 1839-இலேயே விரிவாக எழுதினார். அந்த விதி அரண்மனைக்கும் பாத்திக்கும் ஒன்றே. கதிரவன் அந்தஸ்துப் பார்த்தா ஒளி வீசுகிறான்?

நண்பர்களே! பாத்தியைத் தாழ்வாக எண்ணும் கண், அதைக் கொத்தியவனையும் தாழ்வாகவே எண்ணும். தந்தையின் தொழிலைக் கேட்டால், "விவசாயம்" என்று சொல்ல நம்மில் எத்தனை பேர் தயங்குகிறோம்! அந்தத் தயக்கம் போகட்டும். மண்வெட்டி பட்ட மண்ணும் கலைக்குரியதே. அதில் உழைப்பவர் நம் மதிப்புக்கு உரியவரே.