ஆத்தூர் வெயில்ல கஸ்டம் வாட்டர் கூலிங்: பார்ட்ஸ் லிஸ்டுக்கு முன்னாடி ஒரு கணக்கு



ஆத்தூர்ல இருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். சேலம் ஆத்தூர் இல்ல, நம்ம திண்டுக்கல் ஆத்தூர். சென்னையில ஒரு அனிமேஷன் கம்பெனி வேலை, வீட்ல இருந்தே பார்க்கிறார். மாடியில ஒரு ரூம், மேல காங்கிரீட் தளம். அதுல ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் கார்டும் போட்ட ஒரு மெஷின். மதியம் ரெண்டு மணிக்கு ரெண்டரிங் போட்டா ஃபேன் எல்லாம் கத்துது, டெம்பரேச்சர் ஏறுது, வேகம் இறங்குது. போனஸ் 90,000 ரூபாய் வந்திருக்கு. 84,000 ரூபாய்க்கு கஸ்டம் வாட்டர் கூலிங் லிஸ்ட் ஒண்ணு போட்டு, "360 ரேடியேட்டர் ரெண்டு போதுமா, மூணு வேணுமா?"ன்னு கேட்டிருந்தார்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனா என் கண்ணுல பட்டது மெயிலோட கடைசி வரி: "அப்பாவுக்கு கண் ஆபரேஷன் இருக்கு, அதுக்கு 50,000 ரூபாய் சீட்டை தள்ளி எடுத்துக்கிறேன், போனஸை தொட வேண்டாம்."

சீட்டை 9,000 ரூபாய் தள்ளி எடுத்தா கைக்கு வர்றது 41,000. தள்ளின 9,000-ல கொஞ்சம் டிவிடெண்டா அவருக்கும் திரும்பும், மீதி மத்தவங்களுக்குப் போயிடும். இந்தச் செலவு அப்பாவோட ஆபரேஷனால வரலை. போனஸ் கையில இருக்கும்போதே சீட்டை எடுக்க வைக்கிறது அந்த வாட்டர் கூலிங் லிஸ்ட். அதனால என் கணக்குல லிஸ்டோட விலை 93,000. லிஸ்ட்ல எழுதாத அந்த 9,000-தான் இருக்கிறதுலயே மோசமான பார்ட், ஏன்னா அது எதையும் குளிர வைக்காது.

சரி, டெக்னிக்கலா வருவோம். நான் ஆடிட்டர், இன்ஜினியர் இல்ல. ஆனா வாட்டர் கூலிங் விஷயத்துல பாதி கணக்கு வரவு செலவு மாதிரிதான்: உள்ள வந்த சூடு எங்கேயாவது வெளியே போயாகணும்.

7950எக்ஸ் முழு மூச்சா ஓடினா 230 வாட் வரைக்கும் இழுக்கும். 4080 ஒரு 320 வாட். ரெண்டும் சேர்ந்து 550 வாட், அத்தனையும் சூடாத்தான் மாறும். காத்துல குளிர வச்சாலும் தண்ணில குளிர வச்சாலும் அந்த 550 வாட் சூடு அதே ரூமுக்குள்ளதான் வந்து விழும். வாட்டர் கூலிங் சூட்டைக் குறைக்காது, சிப்ல இருந்து ரேடியேட்டருக்கு வேகமா கடத்தும், அவ்வளவுதான். அதோட தண்ணியோட சூடு ரூம் சூட்டுக்குக் கீழ ஒரு டிகிரி கூட இறங்காது. நல்லா டிசைன் பண்ணின லூப்லயே, லோடு இருக்கும்போது தண்ணி ரூமை விட 10 டிகிரி வரைக்கும் அதிகமா இருக்கிறது சகஜம்.

ஐரோப்பாவுல 22 டிகிரி ரூம்ல உட்கார்ந்து வீடியோ போடறவங்களுக்கு தண்ணி 32-ல நிக்கும். திண்டுக்கல் சமவெளியில ஏப்ரல், மே-ல பகல் 37, 38 சாதாரணம். காங்கிரீட் தளத்துக்குக் கீழ இருக்கிற மாடி ரூம் அதை விடவும் சூடு. ரூம் 40-ன்னு வச்சா தண்ணி 50. நாம பார்க்கிற ரிவ்யூ எதுவும் இந்த நிலைமையில எடுத்தது இல்ல.

50 டிகிரி தண்ணின்னா பார்ட்ஸ் தேர்வே மாறிடும். பலரும் வாங்கற டி5 பம்புக்கு 60 டிகிரிதான் உச்ச வரம்பு. கண்ணாடி மாதிரி அழகா இருக்கிற பெட்ஜி ஹார்டு ட்யூப், 60 டிகிரி பக்கம் போனா இளக ஆரம்பிக்கும். ஃபேன் ஒண்ணு நின்னுபோச்சுன்னாலே அந்த இடைவெளி காணாமப் போயிடும். தம்பி லிஸ்ட்ல பெட்ஜி ட்யூப்தான் போட்டிருந்தார். நம்ம ஊருக்கு கறுப்பு இபிடிஎம் ரப்பர் ட்யூப் போதும். இன்ஸ்டாகிராமுக்கு அழகு இல்ல, ஆனா வளைக்க ஹீட் கன் வேண்டாம், சூட்டுக்கு அசையாது.

ரேடியேட்டர் கேள்விக்கு பதில்: 550 வாட்டுக்கு 360 ரெண்டு போதும். மூணாவது போட்டா தண்ணி இன்னும் ரெண்டு மூணு டிகிரி இறங்கலாம், ரூமுக்குக் கீழ எப்படியும் போகாது. ரூம் ஜன்னல்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டீங்கன்னா அதை விட அதிகம் கிடைக்கும். இன்னொரு விஷயம், ஃபின் நெருக்கமா இருக்கிற ரேடியேட்டரைத் தவிர்த்துடுங்க. நம்ம பக்கத்து தூசி மூணு மாசத்துல அடைச்சிடும்.

அடுத்தது உலோகம். இதுல மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ப்ளாக் எல்லாம் செம்பு, ஃபிட்டிங்ஸ் பித்தளை மேல நிக்கல் பூச்சு. நடுவுல ஒரு அலுமினியம் ரேடியேட்டர் வந்தா, தண்ணி வழியா ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல மின்வேதி அரிப்பு ஆரம்பிச்சு அலுமினியம் கரையும். விலை குறைவா இருக்கேன்னு பழைய பைக் ரேடியேட்டரை மாட்டற ஐடியாக்கள் சுத்துது. அதுல பெரும்பாலும் அலுமினியம்தான், வேண்டாம்.

ஆத்தூர்காரங்க ஒரு பெருமை சொல்வாங்க: காமராஜர் அணைத் தண்ணி, திண்டுக்கல் டவுனே எங்க தண்ணியைத்தான் குடிக்குதுன்னு. நியாயமான பெருமைதான். ஆனா குடிக்க நல்ல தண்ணி லூப்புக்கு நல்ல தண்ணி கிடையாது. அதுல இருக்கிற உப்பும் தாதுவும் ப்ளாக் உள்ள இருக்கிற முடி மாதிரி மெல்லிய பள்ளங்கள்ல படியும், பாசியும் பிடிக்கும். டிராக்டர் வச்சிருக்கிற வீட்ல கேட்டுப் பாருங்க, ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்னு அவங்களே சொல்வாங்க. அரிப்புத் தடுப்பும் பாசித் தடுப்பும் கலந்த ரெடிமேட் கூலன்ட், இல்லைன்னா டிஸ்டில்டு வாட்டரோட அந்த மருந்தை அளவா கலந்து ஊத்தணும். வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

லிஸ்ட்டை ஆடிட்டர் மாதிரி பிரிச்சுப் பார்ப்போம்

தம்பி போட்ட 84,000 இப்படி: சிபியு ப்ளாக் 8,500, ஜிபியு ப்ளாக் 19,000, ரேடியேட்டர் ரெண்டும் 17,000, பம்ப்-ரிசர்வாயர் 16,500, ஃபிட்டிங்ஸும் ட்யூபும் 14,000, ஃபேன் 6,000, கூலன்ட் 3,000.

ஃபிட்டிங்ஸ் வரியைக் கவனிங்க. ஒவ்வொண்ணும் சில நூறு ரூபாய்தான், ஆனா பதினாறு பதினெட்டு வேணும். முதல் தடவை லிஸ்ட் போடறவங்க பலபேர் இதை விட்டுட்டு, பாதி வேலையில திரும்ப ஆர்டர் போடுவாங்க. தம்பி விடலை, அந்த விஷயத்துல சபாஷ்.

நான் இதை ரெண்டு குவியலாப் பிரிப்பேன். ரேடியேட்டர், பம்ப், ஃபேன், ஃபிட்டிங்ஸ் எல்லாம் அடுத்த மெஷினுக்கும் போகும். ஜி 1/4 மரை எல்லா கம்பெனிக்கும் பொதுங்கிறதால யார்கிட்டயும் விக்கலாம். இது சொத்துக் குவியல், இங்க காசு போடலாம். ஜிபியு ப்ளாக் அப்படி இல்ல. அது ஆர்டிஎக்ஸ் 4080-க்குன்னு கூட வராது, 4080-ல எந்தக் கம்பெனி, எந்த மாடல் போர்டோ அதுக்கு மட்டும்தான் உட்காரும். கார்டு மாத்தின அன்னைக்கு அந்த 19,000 ஒரு செம்புக் கட்டி. கூலன்ட் மாதிரி இதையும் நான் செலவுக் குவியல்லதான் வைப்பேன். சிபியு ப்ளாக் நடுவுல நிக்குது, மவுன்டிங் கிட் மாத்தினா இன்னொரு சாக்கெட்டுக்குப் போகலாம்.

மூணு வருஷம் ஓட்டறதா வச்சுக்குவோம். நடுவுல ரெண்டு தடவை கூலன்ட் மாத்த 6,000, மொத்தம் 90,000. சொத்துக் குவியலை கடைசியில 25,000-க்கு வித்தா (அது கிடைச்சா நல்ல விலைதான்) நிகரச் செலவு 65,000. மாசத்துக்கு 1,800 ரூபாய் சொச்சம். வட்டி சேர்க்கலை. "நோ காஸ்ட் இஎம்ஐ"ல வாங்கினா, வட்டியைத் தள்ளுபடியாக் காட்டினாலும் அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லுல வரும், பார்த்துக்கோங்க.

சிலர் கேட்பீங்க, கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டே சார், வரியில கழிச்சுக்கலாமேன்னு. தொழில் வருமானம் காட்டறவங்களுக்கு அது. சம்பளக்காரருக்கு புது முறையில 75,000 நிலையான கழிவு உண்டு, நீங்க வேலைக்காக மெஷின் வாங்கினாலும் வாங்காட்டியும் அது மாறாது. கம்பெனி வேலைக்குத்தான் இந்த மெஷின்னா, எச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. கேட்காம சொந்த போனஸை கம்பெனி வேலைக்குக் கொட்டறதை நான் எந்தக் கணக்குலயும் ஒத்துக்க மாட்டேன்.

வாரன்ட்டி இன்னொரு தலைவலி. ஜிபியு ப்ளாக் மாட்டணும்னா கார்டோட ஒரிஜினல் கூலரைக் கழட்டணும். இதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கொள்கை. கழட்டறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க, கடைக்காரர் வாய்வார்த்தை செல்லாது. லூப் பார்ட்ஸ் கம்பெனியோட நிலைமையும் முக்கியம். இந்தத் துறையில பெரிய பேரு ஸ்லோவேனியாவோட ஈகே. 2024 ஏப்ரல்ல கேமர்ஸ் நெக்ஸஸ் சேனல், அந்தக் கம்பெனி ஊழியர்களுக்கும் சப்ளையர்களுக்கும் பணம் பாக்கி வச்சிருக்கிறதா விரிவான ரிப்போர்ட் போட்டாங்க. பொருள் நல்ல பொருள்தான். ஆனா வாரன்ட்டிங்கிறது ஒரு கம்பெனி உங்களுக்குப் பட்டிருக்கிற கடன், கடனாளி எப்படி இருக்கார்னு பார்க்காம யாரும் கடன் கொடுக்கிறதில்ல.

அப்போ அந்த மெஷினுக்கு என்னதான் பண்றது?

முதல்ல காசில்லாத வேலை. பயாஸ்ல போய் 7950எக்ஸை ஈகோ மோடுக்கு மாத்துங்க. 105 வாட் ஈகோ மோடுல உச்ச இழுப்பு 230-ல இருந்து 142 வாட்டுக்கு வந்துடும், ரெண்டரிங் வேகம் குறையறது சொற்பம். 4080-க்கும் பவர் லிமிட்டை 80 சதவீதம் வைங்க. 550 வாட் இப்போ 400-க்குக் கீழ. 150 வாட் சூட்டை ரூமுக்கு வராமலே தடுத்தாச்சு, எந்த ரேடியேட்டராலயும் முடியாத காரியம் இது. ஒரு விஷயம்: 7950எக்ஸ் 95 டிகிரியைத் தொட்டா பதற வேண்டாம். முழு லோடுல அது வரைக்கும் போற மாதிரிதான் ஏஎம்டி அதை டிசைன் பண்ணியிருக்கு.

அதுக்கப்புறம் நல்ல இரட்டை டவர் ஏர் கூலர் ஒரு 4,000, கேஸ் ஃபேன் நாலுக்கு 4,000, ஜன்னலுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் 2,500. ஆக 10,500. தண்ணி இல்ல, பம்ப் இல்ல, கெட்டுப்போறது ஃபேன் மட்டும்தான், அது திண்டுக்கல் கடையிலயே கிடைக்கும்.

போனஸ் 90,000-ல ஆபரேஷனுக்கு 41,000 நேரா கொடுத்துட்டு, இந்த 10,500-ஐயும் கழிச்சா மீதி 38,500. சீட்டைக் கடைசி வரைக்கும் விட்டா டிவிடெண்டும் கிடைக்கும். அந்த 38,500-ஐ நான் அவசர நிதியிலதான் போடச் சொல்வேன், ஏன்னா ஆபரேஷனுக்கு சீட்டை நம்பற வீட்ல அவசர நிதி இல்லைன்னு அர்த்தம். இல்ல சார், சூடு தாங்கலைன்னா, ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிடுச்சு. ரூமை 40-ல இருந்து 28-க்கு இறக்கினா மெஷினும் 12 டிகிரி இறங்கும், நீங்களும் மனுஷனா உட்காரலாம். ஆனா அதுவும் சும்மா இல்ல. ரெண்டு மாச பில்லுல 500 யூனிட் தாண்டினா கட்டண அடுக்கே மாறிடும், வீட்ல இப்ப எவ்வளவு ஓடுதுன்னு பழைய பில்லைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இத்தனைக்கும் நான் வாட்டர் கூலிங்குக்கு எதிரி இல்ல. ட்யூபுக்குள்ள தண்ணி ஓடறதைப் பார்க்கிறதே ஒரு சந்தோஷம், ஆசைப்படறது தப்பில்ல. ஆசைன்னு பேர் வச்சு, ஆசைக்குன்னு ஒதுக்கின காசுல, ஒரு வருஷம் சேர்த்து வாங்குங்க. தேவைன்னு பேர் வச்சு அப்பாவோட ஆபரேஷன் பணத்துக்கு முன்னாடி வரிசையில நிறுத்தாதீங்க.

அப்படி வாங்கற அன்னைக்கு முதல்ல சிபியுவை மட்டும் லூப்ல போடுங்க, ஜிபியு ப்ளாக்கைத் தள்ளிப் போடுங்க. ஒரு 360 ரேடியேட்டர், பம்ப், ரப்பர் ட்யூப் போதும், பாதி விலைக்குள்ள முடியும். தண்ணி ஊத்தினதும் மெஷினை ஆன் பண்ணாதீங்க. பம்புக்கு மட்டும் கரன்ட் கொடுத்து, ஒவ்வொரு ஃபிட்டிங் அடியிலயும் டிஷ்யூ பேப்பர் வச்சு ஒரு நாள் முழுக்க ஓட விடுங்க. தம்பி லிஸ்ட்ல டிரெய்ன் வால்வு இல்ல. லூப்போட ரொம்பத் தாழ்வான இடத்துல ஒண்ணு சேர்த்துக்கோங்க, இல்லைன்னா வருஷா வருஷம் கூலன்ட் மாத்தறப்போ கேஸையே தலைகீழாப் பிடிக்க வேண்டியிருக்கும்.