அயல்வீட்டுத் தீயும் வல்லரசுகளின் சொல்லும்

ஒரு நாட்டின் குடிகள் இரு கூறாகப் பிரிந்து ஒருவர்மீது ஒருவர் படைக்கலம் தூக்கும்போது, வெளியே நிற்கும் வல்லரசுகள் செய்யத்தக்கது யாது என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. தலையிடுதல் கடன் என்பர் ஒரு சாரார். பிறர் வீட்டு வழக்கிற் புகுதல் முறையன்று என்பர் மற்றொரு சாரார். கல்லூரி விவாத மேடைகளில் இவ்விரு கட்சியினரும் மோதி, நடுவர் தீர்ப்பின்பின் கைகுலுக்கிப் பிரிவது நாமெல்லாம் கண்ட காட்சியே. ஆயின், உலக அரங்கில் நிகழ்வதை உற்று நோக்குவார்க்கு இவ்வினாவே பிழைபட அமைந்தது என்பது புலனாகும். வல்லரசுகள் வெளியே நிற்பது அரிது. தீப்பற்றுமுன்னரே அவை உள்ளே இருக்கின்றன. படைக்கலம் விற்றோராயும், படைக்குப் பயிற்சி அளித்தோராயும், கடன் கொடுத்தோராயும், சமாதான உடன்படிக்கைக்குச் சாட்சியாய் அமர்ந்தோராயும் இருக்கின்றன. ஆதலின் கைகட்டி நிற்றலும் ஒரு செயலே. மூட்டை கட்டிப் புறப்படுதலும் ஒரு செயலே. இதற்கு 1994 ஆம் ஆண்டு ருவாண்டாவில் நிகழ்ந்ததினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

ருவாண்டா ஆபிரிக்காவின் நடுவே குன்றுகள் செறிந்த சிறு நாடு. 1962 இற் சுதந்திரம் பெறும்வரை பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்தது. ஒரே மொழி பேசி, ஒரே குன்றுகளில் அடுத்தடுத்து வாழ்ந்த ஹூட்டு, டூட்சி என்னும் இரு சாராரையும் 1930 களில் அடையாள அட்டையிற் பொறித்து வேறாக்கியவர் பெல்ஜிய ஆட்சியாளரே. அறுபது ஆண்டுகளின்பின், வீதித் தடைகளில் யார் பிழைப்பது, யார் மடிவது என்பதைத் தீர்மானித்தது அந்த ஒற்றைச் சொல்லே. 1990 ஒக்ரோபரில், உகண்டாவில் அகதிகளாய் வளர்ந்த டூட்சி மக்கள் பெரும்பான்மையாய் அமைந்த ருவாண்டா தேசபக்த முன்னணி எல்லை கடந்து போர் தொடுத்தது. பிரான்சு உடனே துருப்புகளை அனுப்பியது. அரச படைக்குப் பயிற்சியும் அளித்தது. 1993 ஓகஸ்டில் அருஷா நகரிற் சமாதான உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அதனைக் காத்தற்பொருட்டு, கனடியத் தளபதி றோமியோ டலேரின் தலைமையில் ஐக்கிய நாடுகளின் படை வந்திறங்கியது. அதன் தொகை ஏறத்தாழ 2500 ஆகும்.

அறியாமை காரணமாகவே உலகம் வாளாவிருந்தது என்பார்க்கு இடமில்லை. 1994 சனவரி 11 ஆம் நாள் டலேர் நியூயோர்க்குக்கு ஓர் அவசரச் செய்தி விடுத்தார். ஆயுதங்கள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன என்றும், டூட்சி மக்களைக் கொன்றொழிக்கும் நோக்குடன் பெயர்கள் பதிவு செய்யப்படுகின்றன என்றும், அவ்வாயுதங்களைத் தாம் கைப்பற்றப் போவதாகவும் அதிற் கூறினார். தலைமையகம் அதற்கு இசையவில்லை. ஆணையின் எல்லையைக் கடக்கலாகாது என்பதே மறுமொழி. மூன்று மாதங்களுக்கு முன்னர், 1993 ஒக்ரோபரில், சோமாலியாவின் மொகதிசு நகரில் 18 அமெரிக்கப் படைவீரர் மாண்டிருந்தனர். அந்தப் புண் ஆறுமுன்னர் இன்னொரு நாட்டில் இடர்ப்பட அமெரிக்காவும் விரும்பவில்லை. ஐக்கிய நாடுகள் சபையும் துணியவில்லை. வல்லரசுகள் பிறர் காயத்தைத் தம் பழைய காயத்தினூடாகவே பார்க்கின்றன என்பதை இங்கே நினைவிற் கொள்க.

ஏப்பிரில் 6 ஆம் நாள் இரவு சனாதிபதி ஹபியாரிமானா பயணம் செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாட் காலை பிரதமர் அகாத் உவிலிங்கியிமானா கொலையுண்டார். அவருக்குக் காவல் நின்ற பெல்ஜியப் படைவீரர் பதின்மரும் கொல்லப்பட்டனர். கொலைகாரர் கருதியது கைகூடிற்று. பெல்ஜியம் தன் படையை மீட்டுக்கொள்ள முடிவு செய்ததோடு, ஏனைய படைகளும் நீங்குதல் வேண்டும் என்று பிற அரசுகளிடம் பேசவுந் தொடங்கியது. சில நாள்களில் பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலியத் துருப்புகள் விமானங்களில் வந்திறங்கின. வந்தவர் தத்தம் நாட்டவரை ஏற்றிக்கொண்டு மீண்டனர். கொலையைத் தடுக்கப் போதிய படைவலி அந்த வாரத்தில் கிகாலி நகரில் இருந்தது. அது வேறு பணிக்காக வந்திருந்தது, அவ்வளவே.

கல்விக்கூடம் ஒன்றின் மலரில் எழுதுகின்றோமாதலின், கல்விக்கூடம் ஒன்றின் கதையைச் சொல்லாது விடுதல் தகாது. கிகாலியில், சலேசியக் குருமார் நடத்திய தொழினுட்பப் பாடசாலையிற் பெல்ஜியப் படைவீரர் சிலர் தங்கியிருந்தனர். நீலத் தொப்பியைக் கண்டு நம்பி ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அவ்வளவிற் புகலடைந்தனர். படலைக்கு வெளியே கத்தியுடன் கொலைஞர் காத்து நின்றனர். வீரர் அங்கு நிற்குமளவும் அவர்கள் உள்ளே புகவில்லை. ஏப்பிரில் 11 ஆம் நாள் வெளிநாட்டவர் அனைவரும் பாதுகாப்பாக அகற்றப்பட்டபின் வீரர்க்குப் புறப்படுமாறு கட்டளை வந்தது. வண்டிகளை மறித்து மக்கள் கதறினர். வண்டிகள் போயின. அன்றைய பொழுது சாயுமுன் அங்கிருந்தோருட் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அவ்வீரர் நாலு நாள் அம்மக்களைக் காத்திருந்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. அங்கே நிற்பதே காவலாயிருந்தது.

இனி, பாதுகாப்புச் சபையில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். ஏப்பிரில் 21 ஆம் நாள் அச்சபை ருவாண்டாப் படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. கொலை செய்த அரசின் பிரதிநிதியும் அவ்வாண்டு அச்சபையில் ஓர் ஆசனத்தில் அமர்ந்திருந்தார் என்பது சரித்திரத்தின் கொடிய வேடிக்கைகளுள் ஒன்று. நியூசிலாந்து, செக் குடியரசு, நைஜீரியா என்னும் நாடுகளின் பிரதிநிதிகள் உண்மையை உரைக்க முயன்றனர். வல்லரசுகளோ “உள்நாட்டுப் போர்” என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டன. அச்சொல் முற்றும் பொய்யன்று. அரச படைக்கும் முன்னணிக்கும் இடையே போர் நடந்ததுதான். ஆயின் அப்போருக்கு அருகே, போரில் யாதொரு பங்குமில்லாத ஆணும் பெண்ணும் குழந்தையும் வீடுவீடாகக் கொல்லப்பட்டது வேறொரு செயல். முன்னதன் பெயரால் பின்னதை மறைத்தலே நிகழ்ந்தது. போர் என்றால் இரு தரப்பையும் போர்நிறுத்தத்துக்கு அழைத்துவிட்டு அமைதியாயிருக்கலாம். இனப்படுகொலை என்றால் 1948 ஆம் ஆண்டின் உடன்படிக்கை தடுத்தற் கடமையை நினைவூட்டும். ஆதலினாலேயே அமெரிக்க இராசாங்கத் திணைக்களத்தின் பேச்சாளர் “இனப்படுகொலைச் செயல்கள்” என்பதற்கும் “இனப்படுகொலை” என்பதற்கும் வேறுபாடு காட்டி இடர்ப்பட்டார். நூறு நாளில் மாண்டோர் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர்.

பெரும்படை அனுப்புதல் எளிதன்று என்பதை நாம் ஒப்புவோம். ஆயின் கேட்கப்பட்டவை எல்லாம் பெரியனவல்ல. கொலைக்கு ஏவிய வானொலியைத் தடுத்து நிறுத்துக என்று கேட்டபோது, அதற்குரிய விமானம் பறக்க மணிக்கு 8500 டொலர் செலவாகும் என அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் கணக்குக் காட்டி மறுத்தது. மே மாதம் 17 ஆம் நாள் பாதுகாப்புச் சபை மனம் மாறி 5500 பேர் கொண்ட படைக்கு இசைந்தது. கவச வண்டிகளின் வாடகையும் செலவும் பற்றிய பேச்சிலே வாரங்கள் கழிந்தன. யூலையில் முன்னணி வென்று கொலை ஓய்ந்தபோதும் அப்படையின் பெரும்பகுதி வந்து சேரவில்லை.

போகாது நின்றோரும் உளர். டலேரும், துணைத் தளபதி ஹென்றி அன்யிடோஹோவின் கீழிருந்த கானா நாட்டு வீரரும் கிகாலியில் நிலைத்து, விளையாட்டரங்கிலும் பிறவிடங்களிலும் ஒதுங்கிய ஆயிரக்கணக்கானோரைக் காத்தனர். செனகல் நாட்டுக் கப்டன் ம்பாயே டியான், கையிற் படைக்கலமின்றி வீதித் தடைகளைக் கடந்து பலரை மீட்டார். மே 31 ஆம் நாள் எறிகணை பட்டு உயிர் துறந்தார். வறிய நாடுகளின் வீரர் நின்ற இடத்தில் செல்வ நாடுகளின் வீரர் நிற்கவில்லை. அஃது அவ்வீரரின் கோழைமையன்று. அவர்களை ஆண்ட அரசுகளின் கணக்கு.

கண்கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்பது எம்மவர் பழமொழி. யூனிற் பிரான்சு தன் படையைத் தென்மேற்கில் இறக்கியது. அதனால் சிலர் உயிர் தப்பினர். கொலைஞர் பலரும் அவ்வழியே சாயர் நாட்டுக்குத் தப்பினர். அங்கே எழுந்த அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியபோது உலகின் உதவி வெள்ளமாய்ப் பாய்ந்தது. முகாம்களை ஆண்டவர் கொலைஞரே என்று கண்டு, எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பின் பிரெஞ்சுக் கிளை 1994 நவம்பரில் அவற்றை விட்டு வெளியேறியது. பின்னர் வருத்தந் தெரிவிக்கும் காலம் வந்தது. 1998 இல் அமெரிக்க சனாதிபதி கிளின்டன் கிகாலி விமான நிலையத்திற் சில மணிநேரம் தங்கி வருந்தினார். 2000 இல் பெல்ஜியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2021 இல் பிரெஞ்சு சனாதிபதி தம் நாட்டின் பொறுப்பை ஒப்பினார். ஆயின் வருத்தமும் நல்வழி காட்டும் என்பதற்கு உறுதியில்லை. 1996 இல் ருவாண்டாவின் புதிய அரசு சாயருட் படை செலுத்தியபோது, முன்னர்க் கைவிட்டோம் என்னும் வெட்கத்தாற் பலர் வாய் மூடினர். அந்நாட்டில் அகதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை ஐக்கிய நாடுகளின் அறிக்கை ஒன்று 2010 இல் விரித்துரைத்தது. ஒரு மௌனத்துக்குப் பரிகாரமாக மற்றொரு மௌனம்!

“உள்நாட்டுப் போர்” என்னும் சொல் வல்லரசின் கையைக் கட்டுமாயின், “பயங்கரவாதம்” என்னும் சொல் அக்கையை அவிழ்த்து விடுகின்றது. 2001 செப்டெம்பரில் நியூயோர்க்கில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் அமெரிக்கா ஆப்கானிஸ்தானிற் புகுந்தது. இருபது ஆண்டு நின்று, 2021 ஓகஸ்டில் நீங்கியது. விட்டுப்போன நாளில், விரட்டப்பட்ட தலிபான்களே மீண்டும் ஆட்சியில் இருந்தனர். சிரியாவில் 2011 இல் எழுந்த மக்கட் கிளர்ச்சியை அந்நாட்டு அரசு தொடக்கத்திலேயே பயங்கரவாதம் என்றது. 2015 இல் அச்சொல்லையே காரணங் காட்டி ருஷ்ய விமானங்கள் அங்குக் குண்டு பொழிந்தன. பயங்கரவாதம் இல்பொருள் என்று நாம் சொல்லவில்லை. சந்தையிலும் வணக்கத்தலத்திலும் குண்டு வைத்து அப்பாவிகளைக் கொல்லுதல் எவர் செய்யினும் பாதகமே. ஆயின் அச்சொல் ஒருவர்மீது சூட்டப்பட்டதும், அவர் அருகே வாழும் மக்கள் கணக்கினின்றும் மறைந்து விடுகின்றனர். ஒரு சொல்லால் உதவி மறுக்கப்படுகின்றது. மறு சொல்லால் குண்டு அனுமதிக்கப்படுகின்றது. இரண்டிலும் காணாமற் போவோர் குடிமக்களே.

இவ்வுண்மையை உணர்தற்கு நாம் ஆபிரிக்காவரை செல்ல வேண்டியதில்லை. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் அலுவலர் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகவேண்டாம் என்று மக்கள் வாயிலில் நின்று இரந்தனர். 2009 மே மாதம்வரை நிகழ்ந்தவற்றை இங்கு விரித்தல் வேண்டா, படிப்போர் அறிவர். மக்களைக் காக்கும் பொறுப்பில் தான் தவறியதை அச்சபையின் உள்ளக ஆய்வறிக்கை 2012 இல் ஒப்பியது. கிகாலிக்கும் கிளிநொச்சிக்கும் வேறுபாடுகள் பலவுள. ஆயினும் வண்டிகள் புறப்பட்ட காட்சி ஒன்றே.

இவற்றை எண்ணி, உலகம் எம்மைக் கைவிட்டது என்று பெருமூச்செறிதல் எளிது. ஆயின் அந்த உலகம் யார்? எமது பழைய மாணவருட் பலர் இன்று இலண்டனிலும் றொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் குடியுரிமை பெற்று வாழ்கின்றனர். வரி செலுத்துகின்றனர், வாக்களிக்கின்றனர். அந்நாடுகளை நாம் அயல் வல்லரசுகள் என்கின்றோம். அவர்கள் பிள்ளைகளுக்கு அவை தாய்நாடு. ஆகவே, 1994 இல் ருவாண்டாவைக் கைவிட்ட அரசுகளிடம் கேட்கத்தக்க கேள்வி இப்போது எம்மவரிடமும் கேட்கப்படும். 2023 ஏப்பிரிலிற் சூடானில் மூண்ட போரால் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். ஆண்டுக்கு மேலாக முற்றுகையிடப்பட்டிருந்த எல் பாஷர் நகர் 2025 ஒக்ரோபரில் வீழ்ந்தபோது அங்கு மக்கள் திரள்திரளாகக் கொல்லப்பட்டனர். போரிட்டோர் கையில் வெளிநாடுகளிற் செய்த படைக்கலங்கள் இருந்தன. அதுபற்றித் தம் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதியோர் எம்மவருள் எத்துணைப் பேர்?

மாணாக்கர் இம்மலரிலிருந்து ஒன்றைக் கொண்டு செல்வராயின், அது பின்வரும் பழக்கமாகட்டும். தொலைவிலுள்ள ஒரு போருக்கு ஓர் அரசு ஒரு பெயர் சூட்டும்போது, அப்பெயரால் யார் காக்கப்படுகின்றனர், யார் மறைக்கப்படுகின்றனர் என்று கேளுங்கள். படைக்கலம் எங்கிருந்து போயிற்று என்று கேளுங்கள். ஏற்கெனவே அங்கு நிற்போர் ஏன் திரும்ப அழைக்கப்படுகின்றனர் என்று கேளுங்கள். பழைய மாணவராகிய நாம், வாழும் நாடு எதுவாயினும், இக்கேள்விகளை அந்நாட்டு மொழியில், அந்நாட்டு அரசின் செவியிற் படும்படி கேட்டல் வேண்டும். எமக்காகப் பிறர் கேட்கவில்லை என்பது, பிறருக்காக நாம் கேளாதிருத்தற்கு நியாயமாகாது.