அந்திக்கிறிஸ்துவைத் தேடுவோர்

மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் ஒரு நிலக்கீழ் மண்டபம். சனிக்கிழமை பின்னேரம். பனியில் நனைந்த சப்பாத்துகள் வாசலில் குவிந்து கிடக்க, உள்ளே எம்மவர்கள் ஐம்பது பேரளவில் கதிரைகளில் இருக்கிறோம். ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவர் கேட்கிறார்: "அந்திக்கிறிஸ்து யார் தெரியுமா?" விடையையும் அவரே சொல்கிறார். ஒரு காலம் அது ஐரோப்பிய ஒன்றியம். இன்னொரு காலம் கடைச் சாமான்களில் உள்ள கோட்டுக் குறி. பெருந்தொற்றுக்குப் பிறகு தடுப்பூசி. எல்லாக் காலத்திலும் மாறாமல் இருந்த விடை ஒன்றுதான்: பாப்பரசர். எங்களோடு இருந்த ஒரு அம்மா அன்று காலையில்தான் மலையிலுள்ள சூசையப்பர் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாம் அதைக் கண்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பிராயச்சித்தமாகவே இதனை எழுதுகிறோம்.

நூலிலிருந்தே தொடங்குவோம். இந்தச் சொல் வேதாகமத்தில் யோவானின் முதலாம், இரண்டாம் நிருபங்களில் மாத்திரமே வருகிறது. பலரும் நம்புவதுபோல வெளிப்படுத்தல் நூலில் அது ஓரிடத்திலும் இல்லை. யோவானின் நிருபமோ ஒருவரைப் பற்றி மட்டும் பேசவில்லை. பலர் ஏற்கெனவே வந்துவிட்டார்கள் என்கிறது. இன்று பிரசங்கிகள் வர்ணிக்கும் அந்த ஒற்றை மனிதன், தானியேலின் சிறிய கொம்பையும், தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் அக்கிரம மனிதனையும், வெளிப்படுத்தலின் மிருகத்தையும் ஒன்றாக ஒட்டி உருவாக்கப்பட்டவன். வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்ட மூன்று நூல்களின் கலவை அவன்.

தானியேலின் கொம்பு, கி.மு. 167 இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய நான்காம் அந்தியோக்கு மன்னனையே குறிக்கிறது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. நீரோ சீசர் என்ற பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வரும். சில பழைய பிரதிகளில் அந்த எண் 616. அதே பெயரின் இலத்தீன் வடிவத்துக்கு அது பொருந்துகிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் இரேனேயுஸ் அந்த எண்ணுக்குப் பொருந்தும் சில பெயர்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, எதையும் அடித்துச் சொல்வது தகாது என்று நிறுத்திக்கொண்டார். அந்த அடக்கம் பின்வந்தோருக்கு வாய்க்கவில்லை.

தமிழ்க் காதுக்கு இன்னொரு இடறலும் உண்டு. கிரேக்கத்தில் 'அந்தி' என்றால் எதிரான, பதிலான என்று பொருள். நாமோ அந்தி என்றதும் பொழுது சாய்வதையும் முடிவையும் நினைக்கிறோம். ஆகவே அந்திக்கிறிஸ்து எமக்குக் கடைசிக் காலத்தவனாகவே கேட்கிறான். கத்தோலிக்கர் எதிர்க்கிறிஸ்து என்று எழுதுவது இவ்வகையில் தெளிவானது.

1520 அளவில் மாட்டின் லூதர் பாப்பரசர் பதவியையே அந்திக்கிறிஸ்து என்றார். 1647 இன் வெஸ்ற்மின்ஸ்ரர் விசுவாச அறிக்கை அதனைக் கோட்பாடாகவே பொறித்தது. அமெரிக்கப் பிரெஸ்பிற்றேரியர் அவ்வரியைத் திருத்த 1903 வரை சென்றது. இதற்கு மறுப்பாக, ஸ்பானிய யேசுசபைக் குருவான றிபேரா, அவன் இனிமேல்தான் வருவான் என்றார். அதே சபையின் அல்காசார், அவையெல்லாம் முற்காலத்திலேயே நிறைவேறிவிட்டன என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோன் நெல்சன் டார்பியும், 1909 இல் வெளிவந்த ஸ்கோபீல்ட் வேதாகமமும் எதிர்கால விளக்கத்தைப் புரட்டஸ்தாந்தினரிடையே பரப்பின. பாப்பரசரைக் காக்க யேசுசபையினர் எடுத்த கேடயத்தையே எமது மண்டபத்துப் பிரசங்கி பாப்பரசர் மீது வீசுகிறார் என்பதை அவர் அறிவாரா?

1970 இல் ஹால் லின்ட்சே எழுதிய நூல், ஐரோப்பியப் பொதுச் சந்தை பத்து நாடுகளாகும்போது தானியேலின் பத்துக் கொம்புகள் தோன்றிவிடும் என்று எதிர்பார்க்க வைத்தது. 1981 இல் கிரேக்கம் சேர்ந்து பத்தானது. 1986 இல் பன்னிரண்டானது. இன்று இருபத்தேழு. கணக்குத் தவறியதற்காக எந்தப் பிரசங்கியாவது எம்மிடம் மன்னிப்புக் கேட்டாரா?

கணக்குப் பிழைப்பதோடு முடிந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். முடிவதில்லை. இதே மொன்றியலில் 1853 யூன் 9 இல், பாப்பரசரின் ஆட்சியைச் சாடிவந்த முன்னாள் குருவான கவாற்சி ஒரு தேவாலயத்தில் உரையாற்றினார். வெளியே கத்தோலிக்கக் கூட்டம் திரண்டது, கலவரம் மூண்டது, படையினர் சுட்டனர். பத்துப் பேரளவில் மாண்டனர். 1994 இல் இந்நகருக்கு வடக்கே மொறின் ஹைற்ஸில் மூன்று மாதக் குழந்தையொன்று கொல்லப்பட்டது. சூரிய ஆலயம் என்ற குழுவின் தலைவன் டி மாம்ப்ரோ அக்குழந்தையை அந்திக்கிறிஸ்து என்று அறிவித்திருந்தான். தாயும் தகப்பனும் கூடவே கொல்லப்பட்டனர். சில நாட்களுக்குள் சுவிற்சர்லாந்திலும் கியூபெக்கிலுமாக 53 உடல்கள் மீட்கப்பட்டன. பல் முளைக்காத ஒரு பிள்ளைக்கு வைக்கப்பட்ட பெயர் அது.

எமது மண்ணும் இதனை அறியும். போர்த்துக்கேயர் 1621 இல் நல்லூர்க் கோயிலை இடித்தபோது எமது முன்னோரின் தெய்வங்களுக்குப் பிசாசுகள் என்று பெயர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். பாப்பரசர் அந்திக்கிறிஸ்து என்பது அக்காலச் சீர்திருத்த சபையினரின் பொதுப் போதனை. 1687 இல் கோவையிலிருந்தல்ல, கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் குருவானவர் மாறுவேடத்தில், இரவுகளில் மறைந்து மறைந்தே பூசை செய்யவேண்டியிருந்தது. 2015 இல் அவர் புனிதராக்கப்பட்டார்.

எம்மிடம் ஒரு எதிர்க்கேள்வி எழுப்பப்படலாம். தீமையைப் பெயர் சொல்லி அழைக்காமல் எதிர்ப்பது எப்படி? நியாயமான கேள்வி. வெளிப்படுத்தலை எழுதியவர் பத்மு தீவிலே இருந்தவர். நாடுகடத்தப்பட்டவர் என்பது மரபு. எம்மைப் போன்ற ஒருவர். அவர் உயிருக்கு அஞ்சிச் சங்கேதமாகச் சுட்டியது, தன்னை வணங்கச் சொன்ன ஒரு பேரரசை. அந்தத் துணிவை நாம் வணங்குகிறோம். ஆனால் அதே பெயர் அரசாங்கத்தின் கைக்கும், சபைத் தலைவனின் கைக்கும், ஒலிவாங்கி பிடித்தவரின் கைக்கும் வரும்போது அது யார்மேல் விழுகிறது? எங்களுக்குத் தேவையான உரைகல் இதுதான்: பெயர் சூட்டுபவர் அதற்காக எதை இழக்கிறார், சூட்டப்படுபவர் எதை இழக்கிறார்?

யோவானின் நிருபத்தையும் கூர்ந்து பார்க்கவேண்டும். அது அந்திக்கிறிஸ்துக்கள் என்று குறிப்பிடுவது தம்மிலிருந்து பிரிந்துபோனவர்களை. ஒரு சிறு கூட்டத்தின் உட்பிளவிலே பிறந்த சொல் இது. உட்பிளவிலே பிறக்கும் சொற்களைப் பற்றி எமக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எண்பதுகளில் எமது சந்திகளில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் தொங்கிய அட்டைகளை நாம் வாசித்திருக்கிறோம். துரோகி என்று எழுதிய கை எந்த ஆதாரமும் காட்டவில்லை. வாசித்த நாமும் கேட்கவில்லை. அட்டையைத் தாண்டிச் சைக்கிளை உழக்கிக்கொண்டு போனோம். அந்த மௌனத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினோம் போலும்.

ஒவ்வொரு கோடையிலும் றிகோவிலுள்ள லூர்து மாதாவிடம் இந்நகரின் தமிழர்கள் யாத்திரை போகிறார்கள். சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாகவே போகிறார்கள். நேர்த்திக்கடனுக்கு மதம் பார்க்காத இந்தச் சனங்களிடம் வந்து, உன் மெழுகுதிரி அந்திக்கிறிஸ்துவுக்கு ஏற்றப்பட்டது என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

அடுத்த சனிக்கிழமையும் கூட்டம் உண்டு. அந்த அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் நாம் இருப்போம். விடை சொல்லப்படும்போது எழுந்து, போனமுறை சொன்ன விடை என்னவாயிற்று என்று கேட்போம்.