கத்தச் சொன்ன கோச்

ஒரகடத்துல ஞாயிற்றுக்கிழமை காலையில கிரவுண்டுப் பக்கம் போயிருக்கீங்களா? நைட் ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல இறங்கி, தூங்கக்கூடப் போகாம டென்னிஸ் பால் மேட்ச் ஆடுற அண்ணன்கள் இருப்பாங்க. போன மாசம் அங்க ஒரு பவுலர், பந்து போடுறதுக்கு முன்னாடியே கிரீஸை விட்டு ஓடின நான்-ஸ்டிரைக்கரை ஸ்டம்பைத் தட்டி அவுட் ஆக்கினார். மேட்ச் நின்னுபோச்சு. "இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"ன்னு அரை மணி நேரம் சண்டை.

என்னைக் கேட்டா அது சுத்தமான அவுட். 2019-ல் நம்ம அஸ்வின் (அவரும் இன்ஜினியரிங் படிச்சவர்தான்!) பட்லரை இப்படி அவுட் ஆக்கியபோது திட்டாதவங்களே இல்லை. 2016 அண்டர்-19 உலகக் கோப்பையில், கடைசி ஓவரில் ஜிம்பாப்வேக்கு 3 ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். வெஸ்ட் இண்டீஸின் கீமோ பால் பந்தே போடாமல் ஸ்டம்பைத் தட்டி மேட்சை முடித்தார். 17 வயசுப் பையனை உலகமே திட்டியது. ஆனால் 2022 அக்டோபரில் எம்.சி.சி. இந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பகுதியில் சேர்த்துவிட்டது.

நாம சண்டை போடவேண்டிய விஷயம் வேற.

எட்டாவது படிக்கும்போது நான் ஸ்கூல் டீம் கீப்பர். "பந்து பேட்டைத் தாண்டினாலே எல்லாரும் சேர்ந்து கத்தணும்டா, அம்பயருக்கே சந்தேகம் வரணும்" என்பார் கோச். ஒரு மேட்சில் பந்து பேட்ஸ்மேனின் சட்டையில்தான் உரசியது. எனக்கு நல்லாத் தெரியும். கத்தினேன். அம்பயர் விரலைத் தூக்கிட்டார். அந்தப் பையன் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போனான். கோச் முதுகில் தட்டி "சூப்பர்டா" என்றார். யாரும் சண்டை போடலை. அவுட் இல்லைன்னு தெரிஞ்சே அப்பீல் பண்றது ஏமாத்துறதுன்னு 2000-லேயே கிரிக்கெட் விதிகளின் முன்னுரையில் எழுதியிருந்தாங்க. எங்களுக்கு யாரும் அதைச் சொல்லலை.

பதிமூணு வயசுப் பையன் முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே என்பீங்க. அடுத்த மேட்ச்ல ஆடப்போற பதினொரு பேர் லிஸ்டை எழுதுறவரே அவர்தானே, எப்படிச் சொல்றது? அதனால தப்புல பெரும்பங்கு அவரோடதுதான். மிச்சம் என்னோடது.

நம்ம ஹாஸ்டல்ல சில பேர் லீவு நாள்ல பக்கத்து ஊர்ப் பசங்களுக்கு கீப்பிங், பவுலிங் சொல்லிக்குடுக்கிறீங்க. ஒரு பையன் கத்தி விக்கெட் வாங்கினா, கை தட்டுறதுக்கு முன்னாடி, "பேட்ல பட்டுச்சாடா?"ன்னு அவன்கிட்ட ஒரு தடவை கேளுங்க.